அக்குளில் பால் கட்டுமா?

[திரையில்: கைக்குழந்தையோடு தாய், கோட்டோவியம்]

பிரசவமாகி மூன்றாவது நாள். மார்பில் பால் கட்டுகிறது. கூடவே இரண்டு அக்குளிலும் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்; கையைத் தொங்கப்போட முடியவில்லை. பார்க்க வந்தவர்களில் ஒருவர் நெறிக்கட்டு என்கிறார், இன்னொருவர் கொழுப்புக்கட்டி என்கிறார். பல நேரம் இரண்டுமே இல்லை. அது மார்புத் திசுவேதான். பிறவியிலேயே அங்கே இருந்தது, பால் ஊறிய பிறகுதான் கண்ணில் பட்டது.

[திரையில்: கரு. அக்குளிலிருந்து கீழே ஓடும் இரண்டு கோடுகள்]

கருவுக்கு ஐந்தாறு வாரம் ஆகும்போது அக்குளில் தொடங்கித் தொடை இடுக்கு வரை இருபக்கமும் மெல்லிய மேடு ஒன்று ஓடும். பால்கோடு என்று வைத்துக்கொள்வோம். குட்டி போட்ட நாயின் வயிற்றில் இரண்டு வரிசையாகக் காம்புகள் இருக்குமே, அதே கோடுதான். நமக்கு நெஞ்சுப் பகுதி மட்டும் தங்கி, மீதி கரைந்துவிட வேண்டும். எங்காவது கரையாமல் நின்றுவிட்டால் அதுதான் கூடுதல் மார்புத் திசு. அதிகம் நிற்பது அக்குளில்.

1915-ல் காயவா என்ற பின்லாந்துக்காரர் இதை எட்டு வகையாகப் பிரித்தார். காம்பு, கருவட்டம், சுரப்பி எல்லாம் உள்ள முழு மார்பு ஒரு முனை. வெறும் ஒரு கொத்து முடி மறுமுனை! ஆண்களுக்கும் உண்டு. மார்புக்குக் கீழே மச்சம் என்று நினைத்திருப்பது சில சமயம் மூன்றாவது காம்பாக இருக்கும். மதுரை மீனாட்சிக்குச் சொக்கரைக் கண்டதும் மூன்றாவது தனம் மறைந்தது என்பது கதை. நமக்கு அப்படி மறையாது.

சரி, பால் கட்டினால் என்ன செய்வது? அங்கே காம்பு இல்லாவிட்டால் பால் வெளியேற வழியில்லை. பிதுக்கினாலும் தேய்த்தாலும் இன்னும் ஊறும். குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து அப்படியே விட்டுவிடுங்கள். வெளியேறாத பால் மெல்ல மெல்லச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். வீக்கம் பெரும்பாலும் சில நாட்களில் வடியும். குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. காய்ச்சலோ சிவப்போ வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

[திரையில்: ஸ்கேன் அறை]

இந்தத் திசு இருந்தால், பிள்ளை பெறாதவர்களுக்கும் மாதவிலக்கை ஒட்டி அக்குள் கனத்து, அப்புறம் இறங்கலாம். ஸ்கேனில் என்னவென்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வலியோ, ரவிக்கைக் கை பிடிப்பதோ பெரும் தொல்லையாக இருந்தால் அறுவை சிகிச்சை செய்து எடுக்கலாம். தழும்பு விழும். தாய்மார்கள், பிள்ளை பால் மறந்த பிறகு செய்துகொள்வதே தோது.

மார்பில் வரும் நோய்கள் இங்கேயும் வரலாம், அரிதாகப் புற்றுநோயும். கல் போலக் கெட்டியாகி, மாதவிலக்கு முடிந்தும் இறங்காமல் வளர்ந்தால், ‘பிறந்ததிலிருந்தே இருக்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள். மார்பக ஸ்கேனுக்குப் போனால் அக்குளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.