வரிச்சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு

வணக்கம், நேயர்களே.

பேனை பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், சின்னதாக ஒரு கணக்கு. கொழும்பில் வேலை செய்யும் ஒருவருக்கு மாதச் சம்பளம் இரண்டு இலட்சம் ரூபாய். 2021 இல் அவர் வருமான வரியாக ஒரு சதமும் கட்ட வேண்டியிருக்கவில்லை. 2023 இல் மாதம் 10,500 ரூபாய் பிடித்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து 3,000 ரூபாய். ஆளும் அதே ஆள், சம்பளமும் அதே சம்பளம். ஆண்டுக்கு 30 இலட்சமாக இருந்த தனிநபர் நிவாரணம், அதாவது வரி விதிக்காமல் விடும் தொகை, 12 இலட்சமாக இறங்கி, பிறகு 18 இலட்சமாக ஏறியது. விகிதப் படிகளும் கூடவே மாறின.

வரிச்சட்டம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் இந்த விகிதங்களைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். அடுத்த வரவு செலவுத் திட்டம் வந்தால் அது பழசு. பிறகு எதைப் படிப்பது? ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

ஈஸ்வரா என்ற பெண்மணி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு கட்ட ஒரு காணி தேடினார். அளவான துண்டு கிடைக்கவில்லை. முழுக் காணியையும் வாங்கினால்தான் உண்டு. வாங்கினார், துண்டு துண்டாகப் பிரித்தார், தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றார். இலாபம் வந்தது. இறைவரித் திணைக்களம் அதற்கு வரி கேட்டது. அவர் சொன்னார், நான் வியாபாரியே இல்லை, வீடு கட்டத்தானே வாங்கினேன் என்று. வழக்கு, அந்நாளில் எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் வரை போய், 1965 இல் அவருக்கு எதிராக முடிந்தது. நோக்கம் வீடாகவே இருக்கட்டும். செய்த காரியம் முழுக்க முழுக்க வியாபாரம் போல இருந்தால், நோக்கத்தைக் காட்டித் தப்ப முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். எனக்கு அந்த அம்மாவில் இன்னமும் கொஞ்சம் அனுதாபம் உண்டு. அது வேறு கதை.

அந்த வழக்கு இன்றைக்கும் எங்களுக்கு வேலை தருகிறது. வெள்ளவத்தையில் ஒருவர் காணியையோ தொடர்மாடி வீட்டையோ விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது முதலீட்டுச் சொத்து என்றால் வரி குறைந்த தனி விகிதத்தில் வரும். வியாபாரம் என்றால் 36 வீதம் வரை போகலாம். எது என்று தீர்மானிப்பது எப்படி? ஏன் வாங்கினார், எத்தனை காலம் வைத்திருந்தார், கடன் எடுத்தாரா, இதற்கு முன்னும் இப்படி விற்றிருக்கிறாரா, கையில் என்ன கடிதம் இருக்கிறது? இந்தக் கேள்விகள் 1965 இலும் இருந்தன, இனியும் இருக்கும். இவற்றைக் கேட்கப் பழகுவதைத்தான் நான் படிப்பு என்கிறேன்.

புதுக்கடைப் பக்கம், அதாவது நீதிமன்ற, சட்டப் பக்கம் இருந்து வரும் பிள்ளைகளுக்கு ஐந்தொகையை, அந்தச் சொத்து, கடன் கணக்குத் தாளைக் கண்டால் பயம். கணக்கியல் பக்கம் இருந்து வருபவர்களுக்குத் தீர்ப்பு வாசிக்கப் பஞ்சி. இரண்டு பேரையும் நான் கடிந்துகொள்வதுண்டு. சட்டக் கல்லூரி மாணவர் ஒரு சின்னக் கடையின் கணக்குப் புத்தகத்திலிருந்து வரி விதிக்கக்கூடிய வருமானத்தைத் தானே எடுத்துப் பார்க்க வேண்டும். பட்டயக் கணக்காளர் பரீட்சைக்குப் படிப்பவர் மாதம் ஒரு தீர்ப்பையாவது முழுமையாக, சுருக்கம் பார்க்காமல் வாசிக்க வேண்டும். வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவில் கணக்காளரும் ஆஜராகலாம்; அங்கிருந்து சட்டப் பிரச்சினையாக மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும்போது சட்டத்தரணி வேண்டும். ஒருவர் எழுதியது மற்றவருக்கு விளங்காவிட்டால் நட்டம் கட்சிக்காரருக்கு.

சட்டத்தை ரியூசன் குறிப்பில் படிக்காதீர்கள். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தையே எடுங்கள். தமிழிலும் இருக்கிறது, ஆனால் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும். தீர்ப்புகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில். ஆகவே மூன்று மொழியும் கொஞ்சமாவது வேண்டும், சலுகை இல்லை. 2021, 2022, 2023, 2025 என்று திருத்தச் சட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து மென்பொருள் சேவை வழங்கி, பணத்தை வங்கி வழியாகக் கொண்டுவரும் ஒரு தம்பிக்கு 2025 மார்ச் வரை விலக்கு இருந்தது. ஏப்ரலிலிருந்து உச்ச விகிதம் 15 வீதம். எந்த மதிப்பீட்டு ஆண்டு, அதாவது எந்த ஆண்டு வருமானத்துக்கான வரி என்று முதலில் கேட்காதவர் சொல்லும் பதில் எதுவும் நம்பக்கூடியதல்ல.

அப்புறம் திகதிகள். இவ்வளவு வரி என்று திணைக்களம் அனுப்பும் மதிப்பீட்டு அறிவித்தல் கைக்கு வந்தால், அதைத் திணைக்களமே மறுபடி பார்க்கும் நிர்வாக மீளாய்வு கேட்க 30 நாள்தான். வாதம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 31 ஆம் நாள் போய் நிற்பவர் அதைச் சொல்வதற்கு முன், ஏன் பிந்தினேன் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

வேலை எங்கே என்று கேட்பீர்கள். கணக்காய்வு நிறுவனங்களின் வரிப் பிரிவுகளில் பயிலுநராகச் சேரலாம், வரி வழக்குச் செய்யும் சட்டத்தரணியிடம் கனிஷ்டராகப் போகலாம். திணைக்களமே போட்டிப் பரீட்சை வைத்து உதவி ஆணையாளர்களை எடுக்கிறது. அந்தப் பக்கம் சில வருடம் இருந்தவர்களுக்கு ஒரு கோப்பு எப்படி நகரும் என்பது தெரியும். எதுவானாலும் இந்த வருடம் வீட்டில் யாராவது வருமான விபரத்திரட்டு கொடுக்க வேண்டியிருந்தால், நவம்பர் 30 க்கு முன்னம் நீங்களே உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். மாமாவின் நிலையான வைப்பு வட்டிக்கு வங்கி பிடித்த வரிக்கான சான்றிதழையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

வணக்கம்.