படத்துக்கு உயிர் கொடுப்பது யோசனையே

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். ஒரு புகைப்படத்துக்கு உயிர் கொடுப்பது தொழில்நுட்பமா, யோசனையா என்பதுதான் இன்றைய கேள்வி. யோசனையே என்பது எங்கள் அணி. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

"கை நடுங்கி எடுத்த படத்துக்குத்தான் இவர்கள் கற்பனை என்று பெயர் வைக்கிறார்கள்" என்றார் எதிரணித் தம்பி. நீங்களும் கைதட்டினீர்கள். சரி தம்பி, இரண்டாம் உலகப் போரில், 1944 யூன் 6ஆம் திகதி, நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கியபோது போர்ப் புகைப்படக்காரர் ரொபர்ட் காப்பா எடுத்த படம் பார்த்திருக்கிறீர்களா? அலைக்குள் ஒரு சிப்பாய், முகமெல்லாம் கலங்கல். குண்டு வருகிற பக்கம் முதுகைக் கொடுத்துவிட்டு, கரையேறுகிறவனின் முகத்தைப் பார்த்து நின்று எடுத்த படம் அது. எங்கே நிற்பது என்று லென்ஸ் சொல்லாது! அதைத் தலைதான் சொல்லவேண்டும்.

நம் இலங்கையின் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டை எடுங்கள். இருட்டறையில் கழுவும்போது வெளிச்சம் பட்டால் படம் கெட்டது என்பதுதான் பாடம். அவர் வேண்டுமென்றே வெளிச்சம் காட்டி, உருவங்களின் ஓரத்தில் கோடு விழவைத்தார். அவருக்குத் தொழில்நுட்பம் நன்றாகத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை மீறிப் பார்க்கச் சொன்னது எது?

இப்போது யாழ்ப்பாணத்து இணுவிலில் நடந்த ஒரு சாமத்திய வீட்டுக்கு, பெண்பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு, வாருங்கள். மேலே ட்ரோன் பறக்கிறது. கீழே இரண்டு வீடியோக்காரர், கண் கூசும் லைட். "பிள்ளை, நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ." பிள்ளை உயர்த்துகிறாள். "கொஞ்சம் இறக்குங்கோ." இறக்குகிறாள். அலங்கார அறையில் பெரிய நிலைக்கண்ணாடி. ஃபிளாஷ் தெறிக்கும் என்று அதைத் துணியால் மூடச் சொல்லிவிட்டார்கள். தொழில்நுட்பப்படி சரிதான்.

அம்மம்மா தாலி இழந்தவர். "நான் முன்னுக்கு நிற்கக்கூடாது" என்று குசினி வாசலிலேயே நின்றுவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. பிள்ளையின் தம்பி, சின்னப் பெடியன், அந்தத் துணியை விலக்கினான். திரும்பச் சொல்கிறேன், பெரியவர்கள் மூடிய கண்ணாடியை அந்தப் பெடியன் திறந்தான்! கண்ணாடிக்குள் அக்காவின் முகம். அதற்குப் பின்னால், கதவு இடுக்கில், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற அம்மம்மா. போனில் எடுத்தான். வெளிச்சம் போதாமல் படம் புள்ளி புள்ளியாக வந்தது. ஓரத்தில் அவன் விரலும் விழுந்துவிட்டது.

அல்பம் வந்தது. தாய் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தார். "எல்லாம் வடிவாய்த்தான் இருக்கு. எங்கட அம்மா எங்க?" அல்பத்தில் அம்மம்மா இல்லை. பெடியன் போனை நீட்டினான். இன்று அந்த வீட்டு முன்கூடத்தில் பெரிதாக்கித் தொங்குவது எந்தப் படம்? சொல்லுங்கள் சபையோரே!

1995 ஒக்டோபர் கடைசியில், போருக்குப் பயந்து, மழைக்குள், இந்த ஊரே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நகையோடு சேர்த்து அல்பத்தையும் பைக்குள் வைத்த தாய்மார் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, பாதி முகம் உரிந்த படங்களுக்குச் சட்டம் போட்டுப் பூ வைத்துக் கும்பிடுகிறோம். தம்பி, உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். அதில் ஃபோகஸ் சரியில்லை என்று உங்கள் அம்மாவிடம் போய்ச் சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

நன்றி, வணக்கம்.