ஓரத்தை வெட்டிப் பாருங்கள்

நடுவர் அவர்களே, வணக்கம். "கோடு மட்டும் போட்ட நவீன ஓவியம் கலையா, ஏமாற்றா?" என்பது தலைப்பு. கலைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமனின் '18 காண்டோஸ்' லித்தோகிராஃப் வரிசையிலிருந்து ஒரு தாளைத் திரையில் காட்டி, "கொஞ்சம் நிறம், குறுக்கே ஒரு கோடு, என் பேரனே போட்டுவிடுவான்" என்றார். அரங்கமும் கைதட்டியது. சரி, பேரனைக் கூப்பிடுங்கள். ஆனால் கிரேயானோடு ஒரு சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஏனென்றால் லித்தோகிராஃப் என்பது கல்லச்சு. தேய்த்து வழவழப்பாக்கிய கல்லில் கொழுப்புள்ள கிரேயானால் வரைந்து, பிசினும் கொஞ்சம் அமிலமும் பூசி, கல்லை ஈரமாக்கி மை உருளையை ஓட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும், கொழுப்பு பட்ட இடம் பிடித்துக்கொள்ளும். 1790களில் ஜெர்மனியில் செனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்த முறை. சிவகாசி காலண்டர் அடிக்கிற ஆஃப்செட்டே இதன் வாரிசுதான். இதில் வம்பு என்னவென்றால், எது கோடு எது விரல்ரேகை என்று கல்லுக்குத் தெரியாது, அசட்டையாகக் கை வைத்தால் விரலின் எண்ணெய்ப் பசையும் மையைப் பிடித்து, அதுவும் அச்சில் வந்து நிற்கும். பூவும் கொடியும் நெருக்கியடித்த படமென்றால் அது எங்காவது ஒளிந்துகொள்ளும். நியூமனின் தாளில் எங்கே ஒளிவது? வெள்ளை வேட்டியில் விழுந்த சாம்பார்த் துளிதான். உருளை கொஞ்சம் தடுமாறினாலும், மையில் தூசி விழுந்தாலும், பளிச்சென்று தெரியும். குறைவாக வரைவது சோம்பேறித்தனம் என்கிற அண்ணன், தப்பு செய்ய இடமே விடாத வேலை அது என்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புறம், நியூமன் இந்தக் கல்லைத் தொட்டதே 1961-இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. 1963-64-இல் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் தத்யானா கிராஸ்மேன் நடத்திய கல்லச்சுப் பட்டறையில்தான் இந்த 18 தாள்களும் உருவாயின. அங்கே அவரைப் படுத்தியெடுத்தது கோடு இல்லை, ஓரம்! கேன்வாஸில் நிறம் விளிம்புவரை போகும். அச்சிலோ படத்தைச் சுற்றி வெள்ளைத் தாள் மிஞ்சுகிறது. அந்த வெள்ளை படத்தை நசுக்கிவிடாமல், ஆனால் ஓரமும் இருந்தாக வேண்டும் என்பதுதான் தனக்குச் சவாலாக இருந்தது என்று நியூமனே இந்த வரிசைக்கான முன்னுரையில் எழுதியிருக்கிறார். அதனால் ஒவ்வொரு தாளுக்கும் தனி ஓரம்: சிலவற்றில் குறுகல், சிலவற்றில் அகலம், சிலவற்றில் ஒரு பக்கம் தாராளம், மறுபக்கம் கஞ்சத்தனம். ஏமாற்றுகிறவன் எதற்காக ஐயா மிச்சக் காகிதத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளப் போகிறான்?

விலையைப் பற்றியும் அண்ணன் கேட்டார். நியூமனின் 'வாய்ஸ் ஆஃப் ஃபயர்' ஓவியத்தைக் கனடா தேசியக் கலைக்கூடம் ஏறக்குறைய 18 லட்சம் டாலருக்கு வாங்கியது 1990-இல் வெளியே தெரிந்தபோது அந்த நாடே கொதித்தது, ஒரு விவசாயி அதேமாதிரி வரைந்தும் காட்டினார். உண்மைதான். அந்த விலை எனக்கும் தலைசுற்றல்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அது சந்தையின் வழக்கு, இந்த மன்றத்து வழக்கு இல்லை. தவிர, பார்த்து வரைவதும் முதலில் வரைவதும் ஒன்றா?

எதிரணியில் அடுத்துப் பேசவரும் அக்காவிடம் ஒரே கேள்வி. அந்த 18 தாள்களின் ஓரங்களையும் கத்தரித்து ஒரே அளவாக்கிவிட்டு, படம் கொஞ்சமும் மாறவில்லை என்று இந்த மேடையில் காட்டட்டும். காட்டிவிட்டால் ஏமாற்று என்று நானே ஒப்புக்கொண்டு உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.