முதல் 25 பிளே: பில் வால்ஷின் பயிற்சி வாழ்க்கை

நண்பர்களே, வணக்கம்.

கிரிக்கெட்டில் ஆட்டம் தொடங்கிவிட்டால் முடிவுகள் கேப்டன் கைக்குப் போய்விடும். அமெரிக்கன் ஃபுட்பாலில் அப்படியில்லை. 10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு 4 முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் தனியாக ஒரு திட்டம், அதற்குப் பெயர் பிளே. எந்த பிளே என்பதைக் கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர்தான் பெரும்பாலும் சொல்லி அனுப்புகிறார். ஓர் ஆட்டத்தில் சுமார் 60 முறை இப்படி முடிவெடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் சில விநாடிகளுக்குள். சுற்றிலும் எழுபதாயிரம் பேரின் இரைச்சல். அந்த இரைச்சலில் மனிதனுடைய மூளை ஒழுங்காக வேலை செய்யாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதற்கு மாற்று தேடியவர் பில் வால்ஷ்.

1931-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். 1957-இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஓர் உயர்நிலைப் பள்ளி அணியில் தொடங்கி, கல்லூரி அணிகளில் உதவியாளராக இருந்து, 1968-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு, தலைமைப் பயிற்சியாளர் பால் பிரவுனிடம் உதவியாளராகப் போனார். அவருடைய புகழ்பெற்ற முறை அங்கே பிறந்தது. பிறப்பித்தது இல்லாமைதான்.

பெங்கால்ஸுக்கு கிரெக் குக் என்ற இளம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) கிடைத்திருந்தார். பந்தை வெகுதூரம் எறியக்கூடியவர். 1969-இல் அவருடைய தோள் சிதைந்தது. அடுத்து வந்த வர்ஜில் கார்ட்டருக்குக் கைப்பலம் குறைவு, ஆனால் குறி தப்பாது. நீளமாக எறிய முடியாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மைதானத்தின் அகலம் 53 யார்டுக்குச் சற்று மேல். அந்த அகலத்தை வால்ஷ் பயன்படுத்தினார். 5, 8, 10 யார்டில் குறும் பாஸ். வாங்கியவர் ஓடிச் சேர்ப்பது மிச்சம். 1971-இல் பாஸ்களைச் சரியாகச் சேர்த்த விகிதத்தில் லீக்கிலேயே முதலிடம் கார்ட்டருக்கு.

இது "சும்மா பக்கத்தில் எறிவது" இல்லை. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் 3 காலடியோ 5 காலடியோ பின்வாங்குகிறார். கடைசி அடி ஊன்றும்போது பந்து கையை விட்டுப் புறப்பட வேண்டும். பந்தை வாங்க ஓடும் ரிசீவர் அப்போது இன்னும் திரும்பியிருக்கக்கூட மாட்டார். அவர் திரும்பும் இடத்துக்கே பந்து போகிறது. முதல் ரிசீவர் அடைபட்டிருந்தால் இரண்டாமவர், அவரும் இல்லையென்றால் பக்கத்தில் விடப்பட்ட ரன்னிங்பேக், அதாவது பந்தோடு ஓடுபவர். பார்வை எந்த வரிசையில் போக வேண்டும் என்பதும், அதற்கேற்பக் கால் எப்படி மாற வேண்டும் என்பதும் முன்பே பாடமாகியிருக்கும்.

கெட்டுப்போகும் இடங்களும் தெளிவானவை. ரிசீவர் கூர்மையாக வெட்டித் திரும்பாமல் வளைந்து திரும்பினால், தடுப்பாளர் இடையில் புகுந்து பந்தைப் பறித்துக்கொள்வார். குவார்ட்டர்பேக் சந்தேகப்பட்டு ஓர் அடி கூடுதலாக வைத்தால் பந்து தாமதம், பலன் அதேதான். பந்து ரிசீவரின் முதுகுப் பக்கம் வந்தால் பாஸ் கணக்கில் சேரும், ஆனால் அவர் நின்று திரும்பி வாங்குவதற்குள் ஆளைப் பிடித்துவிடுவார்கள். இந்த முறையின் லாபமே வாங்கிய பிறகு ஓடும் ஓட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் ஓடும் வேகம் குறையாதபடி நெஞ்சுக்குச் சற்று முன்னால் பந்து வர வேண்டும் என்பதில் வால்ஷ் அத்தனை கண்டிப்பாக இருந்தார்.

1975 பருவம் முடிந்து பால் பிரவுன் விலகியபோது தலைமைப் பதவி வால்ஷுக்கு வரவில்லை, இன்னோர் உதவியாளரான பில் ஜான்சனுக்குப் போனது. வால்ஷ் 1976-இல் சான் டியேகோ போனார். பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவம்: 9 வெற்றி, 3 தோல்வி; பிறகு 8-4. 1979-இல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அழைத்தபோது அவருக்கு வயது 47. முதல் பருவம் 2 வெற்றி, 14 தோல்வி. அடுத்தது 6-10. அதற்கு அடுத்தது 13-3, கூடவே சூப்பர் பவுல் எனும் லீக் இறுதி ஆட்டத்தில் வெற்றி.

இந்த ஏற்றத்துக்குக் காரணமாகப் பலரும் சொல்வது குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானாவை. பாதி சரி. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 1979 தேர்வில் அவர் 82-ஆவது ஆள். கைப்பலம் போதாது என்று மற்றவர்கள் தயங்க, வால்ஷ் அவருடைய காலைப் பார்த்தார். இந்த முறைக்குக் கால்தானே கடிகாரம்! ஆனால் 1981-இல் பின்வரிசைத் தடுப்பில் ரோனி லாட், எரிக் ரைட், கார்ல்டன் வில்லியம்சன் என்று மூன்று புதுமுகங்களைத் துணிந்து இறக்கியதும், பருவத்தின் நடுவில் தடுப்பாட்டக்காரர் ஃப்ரெட் டீனை வாங்கியதும் அதற்குச் சமமான காரணங்கள் என்பது என் எண்ணம்.

இனி அந்த 25. சின்சினாட்டியில் சில பிளேக்களை முன்கூட்டியே எழுதி வைப்பதாகத் தொடங்கியது, சான் பிரான்சிஸ்கோவில் 25 ஆக வளர்ந்தது. ஆட்டத்தின் முதல் 25 பிளே, வரிசையாக, அமைதியான அறையில் முடிவானவை. ஆட்டக்காரர்களுக்கும் முன்பே தெரியும். இதில் இரண்டாவது ஒரு பயன் உண்டு. ஒவ்வோர் அணிவகுப்புக்கும் எதிரணி எப்படி நிற்கிறது என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். பந்து முன்னேறாத பிளேகூடத் தகவல் தரும். அந்தத் தகவல் இரண்டாம் பாதியில் உதவும்.

வரிசையை அப்படியே ஒப்பிப்பவர்கள்தான் தோற்கிறார்கள். மூன்றாவது முயற்சியில் 9 யார்டு வேண்டியிருக்கும்போது பட்டியலில் அடுத்தது 3 யார்டு ஓட்டம் என்றால் அதைத் தாண்ட வேண்டும். அதற்காக வால்ஷ் தனிப் பட்டியல்கள் வைத்திருந்தார்: சொந்த எல்லைக்கருகே மாட்டிக்கொண்டால், மூன்றாவது முயற்சியில் நீண்ட தூரம் வேண்டுமென்றால், கடைசி இரண்டு நிமிடம் என்றால். நிலைமை மாறியதும் பட்டியல் மாறும்.

1982 ஜனவரி 10, சூப்பர் பவுலுக்குத் தகுதி பெற டல்லாஸுக்கு எதிராக ஆடிய ஆட்டத்தின் கடைசிக் கட்டம். 89 யார்டு போக வேண்டும். பாஸைத் தடுக்க டல்லாஸ் கூடுதல் பின்வரிசை ஆட்களை இறக்கியிருந்தது. வால்ஷ் பந்தை ஓட்டத்துக்குக் கொடுத்து முன்னேறினார். 6 யார்டு மிச்சமிருக்க, முதல் கால் பகுதியில் ஃப்ரெடி சாலமனுக்கு டச்டவுன் (எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைச் சேர்ப்பது) தந்த அதே பிளே. இம்முறை சாலமன் வழுக்கிவிட்டார். அடுத்த பெயர் ட்வைட் கிளார்க். அவர் கோட்டுக்கு அப்பாலுள்ள பகுதியின் பின் ஓரமாக ஓடிவருவார், பந்து அவருக்கு மட்டும் எட்டும் உயரத்தில் போக வேண்டும். அப்படியே போனது. 28-27. அந்தப் பிடியை அதிசயம் என்று கொண்டாடுகிறார்கள். கிளார்க் தாவிய உயரம் அதிசயம்தான், அவர் நின்ற இடம் பயிற்சி.

1984-இல் 15-1, சூப்பர் பவுலில் மயாமியை 38-16. 1985-இல் மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியிலிருந்து ரிசீவர் ஜெரி ரைஸ், 16-ஆவது தேர்வு. 1987-இல் 13-2 என்று வந்த அணி மின்னசோட்டாவிடம் 36-24 என்று விழுந்தது. மொன்டானாவை நடுவில் எடுத்துவிட்டு இன்னொரு குவார்ட்டர்பேக்கான ஸ்டீவ் யங்கை இறக்கினார் வால்ஷ், பலிக்கவில்லை. அணியின் உரிமையாளர் எடி டிபார்ட்டலோ அவரிடமிருந்து அணி நிர்வாகத் தலைவர் பதவியைப் பிடுங்கினார். பட்டியல் போட்டு அடக்க முடியாத அழுத்தமும் உண்டு.

அடுத்த பருவத்தின் முடிவில், 1989 ஜனவரியில், சூப்பர் பவுலில் எதிரே நின்றது அதே சின்சினாட்டி. 16-13 என்று பின்தங்கி, 92 யார்டு எதிரே, மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் நேரம். 11 பிளே. கடைசியில் தடுப்பாளர்களின் கண் ரைஸ் மேல் இருக்க, பந்து ஜான் டெய்லரிடம் போனது, 34 விநாடி மிச்சம். 20-16. மூன்றாவது பட்டத்தோடு வால்ஷ் விலகினார்.

1992-இல் மறுபடி ஸ்டான்ஃபோர்டு: முதல் ஆண்டு 10-3, பின் இரண்டு ஆண்டுகள் சரிவு. 2007-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய உதவியாளர் மைக் ஹோம்கிரனிடம் வேலை கற்றவர் ஆண்டி ரீட். 2020 சூப்பர் பவுலில் ரீடின் கான்சஸ் சிட்டி, கைல் ஷனஹனின் சான் பிரான்சிஸ்கோவை 31-20 என்று வென்றது. வால்ஷுக்குப் பின் வந்த ஜார்ஜ் சீஃபர்ட்டிடம் சான் பிரான்சிஸ்கோவின் தாக்குதல் பொறுப்பைப் பார்த்தவர், கைலின் தந்தை மைக் ஷனஹன்.