பெட் தொடுத்த வழக்கு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் அடிமை முறை என்றதும் லிங்கனும் உள்நாட்டுப் போரும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் போருக்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அடிமை முறையை வழக்குகளே சாய்த்துவிட்டன. அவற்றில் ஒன்றைத் தொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண். பெயர் பெட்.

ஷெஃபீல்டு என்ற ஊரில் ஜான் ஆஷ்லி வீட்டில் பெட் அடிமை. ஆஷ்லி பெரும் பணக்காரர், நீதிபதியாகவும் இருந்தவர். ஒருநாள் அவருடைய மனைவி, அடுப்பில் காய்ந்த இரும்புக் கரண்டியை ஒரு சிறுமிமேல் ஓங்கினார். பெட் குறுக்கே கை நீட்டி அடியைத் தாங்கிக்கொண்டார். அந்தக் காயத்தை அவர் துணியால் மறைக்கவே இல்லை. கையில் என்ன ஆயிற்று என்று யாராவது விசாரித்தால், "எஜமானியம்மாவைக் கேளுங்கள்" என்பாராம்.

1780இல் மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் வந்தது. மனிதர் எல்லாரும் பிறப்பால் சுதந்திரமானவர்கள், சமமானவர்கள் என்றது அதன் முதல் விதி. இதைப் பிறர் பேசக் கேட்ட பெட், தியோடர் செட்ஜ்விக் என்ற வழக்கறிஞரிடம் போனார். நானும் மனுஷிதானே, அந்தச் சட்டம் எனக்குக் கிடையாதா என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். வழக்கறிஞரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த விதியை எழுதியவர்களே எழுப்பாத கேள்வி இது. அதனால் பெட்டின் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பிராம் என்ற இன்னொரு அடிமையும் வழக்கில் சேர்ந்தார். இவர்கள் ஆயுள் முழுக்க எனக்கு ஊழியம் செய்ய வேண்டியவர்கள் என்று ஆஷ்லி வாதாடினார். 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்தில் ஜூரிகள் அதை ஏற்கவில்லை. இருவருக்கும் விடுதலை, 30 ஷில்லிங் இழப்பீடு. மேல்முறையீடு செய்த ஆஷ்லியும் அப்புறம் பின்வாங்கிவிட்டார்.

அதே காலத்தில் குவாக் வாக்கர் என்ற இன்னோர் அடிமையின் விடுதலை பற்றிய வழக்குகளும் நடந்தன. 1783இல் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், புதிய அரசியல் சட்டத்தோடு அடிமை முறை ஒத்துப்போகாது என்று ஜூரிகளிடம் தெளிவாகச் சொன்னார். ஒழிப்புச் சட்டம் என்று தனியாக எதுவும் போடாமலே, 1790 மக்கள்தொகைக் கணக்கில் மாசசூசெட்ஸில் அடிமைகள் எவரும் பதிவாகவில்லை.

எல்லா வழக்கும் இப்படி முடியவில்லை. டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்ட வழக்கில், கறுப்பின மக்கள் குடிமக்களே அல்ல, மத்திய நீதிமன்றங்களில் வழக்குப் போடும் உரிமையே அவர்களுக்கு இல்லை என்று 1857இல் தீர்ப்பளித்தது அமெரிக்க உச்ச நீதிமன்றம். அந்தக் கொடுமையான தீர்ப்பைத் துடைக்க ஒரு போரும், அதன்பின் அரசியல் சட்டத் திருத்தங்களும் தேவைப்பட்டன.

பெட் தனக்கு எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார். சம்பளம் தருகிறேன், திரும்பி வா என்று ஆஷ்லி கூப்பிட்டும் அவர் போகவில்லை. கூலிக்கு உழைத்து, பிரசவம் பார்த்து, ஸ்டாக்பிரிட்ஜில் சொந்தமாக வீடு வாங்கினார்.