ஒரே மடக்கில் மூன்று மாத்திரை

வந்திருக்கும் தாய்மார்களுக்கும், கூடவே வந்த அம்மாக்கள், மாமியார்களுக்கும் வணக்கம். பின்வரிசையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் கணவன்மார்களுக்கும்தான்.

பெரம்பூரில் எங்கள் மருந்துக் கடைக்கு ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். தைராய்டு மாத்திரையின் அளவை டாக்டர் இரண்டாம் முறை ஏற்றியும் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் இறங்கவில்லை. தைராய்டு ஹார்மோன் போதாதபோது ஏறும் அளவு அது. "ஒருநாள்கூட விடலைங்க" என்றார். பொய்யில்லை. எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். காலையில் தைராய்டு, இரும்புச்சத்து, கால்சியம் மூன்றும் உள்ளங்கையில், ஒரே மடக்கு, மேலே ஃபில்டர் காபி. மொத்தமாகப் போட்டால் மறக்காது என்று மாமியார் சொன்னாராம்.

மறக்காதுதான். ஆனால் இரும்பும் கால்சியமும் தைராய்டு மருந்தை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர வேண்டியது மலத்தோடு போய்விடும். காபியும் தன் பங்குக்குக் கெடுக்கும். அந்த மாத்திரை சாதாரணமானதல்ல, ஹார்மோன். கிட்டத்தட்ட 12 வாரம் வரை குழந்தைக்குச் சொந்தமாகச் சுரக்காது, அம்மாவிடமிருந்துதான் போக வேண்டும்.

ஸ்டிரிப் மேலேயே மார்க்கரில் எழுதிக் கொடுத்தேன். காலை 6 மணிக்கு வெறும் தண்ணீரில் தைராய்டு. 7 மணிக்குக் காபி. மற்ற இரண்டுக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அவையும் ஒன்றோடொன்று மோதும். அதனால் இரும்பு மதியத்தில், கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு.

அப்புறம், கர்ப்பம் தங்குவதற்காகச் சிலருக்குக் கொடுக்கும் ஹார்மோன் மருந்து, புரொஜெஸ்டிரோன். சில வலிப்பு மாத்திரைகளும் காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் கல்லீரலை முடுக்கிவிட்டு அதைச் சீக்கிரம் கழித்துவிடும். அதற்காக வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. டாக்டரிடம் இரண்டு சீட்டையும் காட்டுங்கள், போதும்.

குறைமாதப் பிரசவ பயம் இருந்தால், குழந்தையின் நுரையீரலுக்காக பீட்டாமெத்தசோன் ஊசி, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை போடுவார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதன்பின் சில நாள் அளவு எகிறும், இன்சுலினைக் கூட்ட வேண்டிவரும். மாமியார்களே, அது திருட்டுத்தனமாகத் தின்ற மைசூர்பாகு இல்லை!

சரி, பெரம்பூர்ப் பெண்ணுக்கு வருவோம். நான்கு வாரம் கழித்து ரிப்போர்ட்டோடு சிரித்தபடி வந்தார். டிஎஸ்ஹெச் தேவைக்கும் கீழே போயிருந்தது. ஏற்றிய அளவு இப்போது முழுசாக உடம்பில் சேர்கிறதே! அன்றே டாக்டரிடம் அனுப்பினேன், அளவைக் குறைத்தார்.

மாத்திரைப் பை கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.