கனடா பி.ஆர்.: அழைப்பு வருவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டிய ஒரு கடிதம்

வணக்கம் நண்பர்களே. கனடாவில் நிரந்தரமாகக் குடியேறும் உரிமை, அதாவது பி.ஆர்., பற்றிப் போன வீடியோவுக்குப் பிறகு நிறையப் பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "ஐ.இ.எல்.டி.எஸ். முடித்துவிட்டேன், டிகிரியை மதிப்பிட்டு வாங்கிவிட்டேன், எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் புரொஃபைலும் போட்டாயிற்று. இனி அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதானே?" இல்லை. இந்தக் காத்திருக்கும் காலத்தில்தான் பாதி வேலையே இருக்கிறது, முக்கியமாக வேலை பார்த்த கம்பெனிகளிலிருந்து பணி விவரக் கடிதம் வாங்குவது. நான் அதைத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது மதிப்பெண் போட்டு ஆள் தேர்ந்தெடுக்கும் கனடாவின் ஆன்லைன் முறை. அதில் தேர்வானால் பி.ஆருக்கு விண்ணப்பிக்கச் சொல்லி வரும் அழைப்பை ஐ.டி.ஏ. என்பார்கள். அது வந்த நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம். அதற்குள் எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து ஏற்றி, பணம் கட்டி, சமர்ப்பித்துவிட வேண்டும். நாள் தாண்டிவிட்டால் அந்த அழைப்பு செல்லாது.

எனக்கு மெயில் வந்தபோது ஆபீஸில் இருந்தேன். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன், இரண்டு பேரும் அழுதோம். அன்று இரவே உட்கார்ந்து பட்டியல் போட்டேன். பாஸ்போர்ட் இருக்கிறது, சான்றிதழ்கள் இருக்கின்றன, பேங்க் கணக்கு இருக்கிறது. எல்லாம் தயார் என்றுதான் நினைத்தேன். என் முதல் கம்பெனியிலிருந்து வாங்கிய ரிலீவிங் லெட்டரை எடுத்துப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. "இவர் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எங்களிடம் சீனியர் இன்ஜினியராகப் பணிபுரிந்தார். இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்." அவ்வளவுதான், இரண்டே வரி.

கனடா குடிவரவுத் துறை கேட்பது அது இல்லை. கடிதம் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும், முகவரி, போன், மெயில் எல்லாம் அதில் வேண்டும். நீங்கள் வகித்த பதவிகள், ஒவ்வொன்றும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், மற்ற சலுகைகள் வர வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், நீங்கள் தினமும் என்ன வேலை செய்தீர்கள் என்ற விவரம். கீழே கையெழுத்துப் போடுபவரின் பெயரும் பதவியும் தெளிவாக இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்? அங்கே வேலைகளை என்.ஓ.சி. என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். (நம் ஊரில் என்.ஓ.சி. என்றால் தடையில்லாச் சான்று. இது வேறு, தேசியத் தொழில் வகைப்பாடு.) பதவிப் பெயரைப் பார்த்து அவர்கள் முடிவெடுப்பதில்லை. ஒரு கம்பெனியில் 'அனலிஸ்ட்' என்றால் புரோகிராம் எழுதுபவர், இன்னொரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். செய்த வேலை அந்த வகைப்பாட்டின் விவரத்தோடு பொருந்துகிறதா என்றுதான் அதிகாரி பார்ப்பார். பொருந்தவில்லை என்றால் அந்த வருடங்களுக்கு நீங்கள் கணக்கில் காட்டிய மதிப்பெண் போய்விடும். சில சமயம் தகுதியே போய்விடும்.

சரி, என் முதல் கம்பெனியின் ஹெச்.ஆருக்கு மெயில் போட்டேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: வேலை விவரம் எழுதித் தருவது எங்கள் பாலிசியில் இல்லை. இன்னும் இரண்டு மெயில் போட்டேன், அதே பதில். கடைசியில், அப்போது எனக்கு மேனேஜராக இருந்தவரைத் தேடிப் பிடித்தேன். அவரும் அந்தக் கம்பெனியை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் முத்திரைத்தாளில் நான் செய்த வேலைகளை எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, கூரியரில் அனுப்பினார். அது என் கைக்கு வந்தபோது 60 நாளில் 41 நாள் போயிருந்தது. அந்த மனிதருக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன்.

அந்தக் காகிதத்தை மட்டும் வைத்தால் போதாது. ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், பே ஸ்லிப், ஃபார்ம் 16, சம்பளம் வந்து விழுந்த பேங்க் ஸ்டேட்மென்ட், அந்த மேனேஜரும் அதே காலத்தில் அங்கே இருந்தார் என்பதற்கு ஆதாரம், ஹெச்.ஆர். மறுத்த மெயில்கள் எல்லாவற்றையும் சேர்த்தேன். முன்னால் ஒரு பக்க விளக்கக் கடிதம் வைத்தேன். முறையான கடிதம் ஏன் இல்லை, அதற்குப் பதிலாக எதை வைத்திருக்கிறேன் என்று. நம்மைப் பார்த்தே இராத ஒருவர் இதைப் படிக்கப் போகிறார். அவருக்குச் சந்தேகம் வரக்கூடிய இடத்தை நாமே முன்கூட்டி விளக்கிவிடுவது நல்லது.

இன்னொன்று. என்.ஓ.சி. பக்கத்தில் இருக்கும் வரிகளை அப்படியே எடுத்துக் கடிதத்தில் ஒட்டாதீர்கள். உங்கள் சொந்த வேலையை உங்கள் வார்த்தையில் எழுதித் தாருங்கள், கையெழுத்துப் போடுபவர் திருத்திக்கொள்வார்.

அப்புறம் பெயர். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலியாக இருக்கும். விண்ணப்பத்தில் அதை விட்டுவிட்டுப் போக முடியாது. கனடா சொல்வது இதுதான்: குடும்பப் பெயர் இல்லை என்றால், உங்கள் பெயர் முழுவதையும் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதுங்கள், இன்னொரு பெயருக்கான கட்டத்தைக் (கிவன் நேம்) காலியாக விடுங்கள். நீங்களாக அப்பா பெயரைச் சேர்க்காதீர்கள். டிகிரியில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரிவான பெயர் என்று இருந்தால், இரண்டும் ஒரே நபர்தான் என்று ஓர் அஃபிடவிட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடந்த பத்து வருடத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்கும் பகுதியில் ஒரு மாதம்கூட இடைவெளி இருக்கக் கூடாது. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தீர்களா, அப்படியே எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்தால்தான் சிக்கல்.

போலீஸ் சான்றிதழ், அதாவது பி.சி.சி., பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் இந்தப் பத்து வருடத்தில் வேறு எந்த நாட்டிலாவது தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டிலிருந்தும் வாங்க வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். மருத்துவப் பரிசோதனையும் 2025 ஆகஸ்ட் 21 முதல் விண்ணப்பத்தோடு சேர்த்தே வைக்க வேண்டும், அவர்கள் அங்கீகரித்த டாக்டரிடம் மட்டும்தான்.

அங்கே போய்க் குடியேறப் போதுமான பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டியவர்கள் பேங்கில் ஆறு மாதச் சராசரி இருப்போடும் கடன் விவரத்தோடும் கடிதம் கேளுங்கள். திடீரென்று பெரிய தொகை வந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும்.

இதை மனசு பதறிச் சொல்கிறேன்: கனடாவில் வேலைக் கடிதம் வாங்கித் தருகிறோம், மதிப்பெண் கூடும் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அந்தக் கூடுதல் மதிப்பெண்ணே கிடையாது. பொய்க் கடிதம் வைத்துப் பிடிபட்டால் ஐந்து வருடம் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. கொடுத்த பணமும் திரும்பாது.

இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பயம் இருக்கும், வெளிநாடு போகப் போகிறோம் என்று தெரிந்தால் ஆபீஸில் என்ன நினைப்பார்களோ என்று. எனக்கும் இருந்தது. நான் பழைய கம்பெனிகளில் இருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன், அங்கே அந்தப் பயம் இல்லை. இப்போதைய கம்பெனியில் பணி விவரக் கடிதம் தருவார்களா, யார் கையெழுத்துப் போடுவார் என்று மட்டும் முதலில் விசாரித்து, எழுத வேண்டிய விவரத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்ததும் புதிய தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினால் போதும்.